மாட்டுத்தடத்தில் வந்த ஆறு

ஒதா
14 செப்டம்பர் 1997

புயாவுக்கு,

நேற்று உன் வயல்வீட்டு வேலிக்கு வெளியே காலையிலிருந்து உச்சிவெயில்வரை நின்றேன். கையில் நெய்க்குடுக்கை. உன் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாய். ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாய். அந்த நாற்காலியின் முதுகைத்தான் பாதி நாள் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எதற்கு நின்றேன் என்று உனக்குத் தெரியும். புல் தீர்ந்ததும் எங்கள் ஒர்மா ஆட்களில் ஒருவன் நெய்யோடு வந்து வேலிக்கு வெளியே நிற்பான். உங்கள் பொக்கோமோ ஆட்களில் நிலத்துக்காரன் வெளியே வந்து, "என்னப்பா, தாகமா?" என்பான். "தாகந்தான்" என்போம். பேச்சு அவ்வளவுதான். அன்றிலிருந்து மழைவரை மல்கா திறந்திருக்கும். இரண்டு வயல்களுக்கு நடுவே விட்டுவைத்த அந்தத் தடத்தில் எங்கள் மாடுகள் ஏறி, தானா ஆற்றில் இறங்கிக் குடித்துவிட்டுத் திரும்பும். என் அப்பாவுக்கு உன் அப்பா திறந்தார். அவருக்கு முன்னாலும் யாரோ யாருக்கோ திறந்தார்கள்.

மேலே இருந்த இரண்டு மல்காக்களும் வயலாகிவிட்டன. மிச்சம் உன்னுடையது ஒன்றுதான். அதில் நீ முள் வெட்டிப் போட்டிருக்கிறாய்.

ஆள் வந்து நின்றால் நாற்காலியைத் திருப்புகிறாய். காகிதம் என்றால் படிக்காமல் விடமாட்டாய், உன் குணம் எனக்குத் தெரியும். பால் விற்க வரும் கூரேஷா இதைக் கொண்டுவருவாள். மாடுகளுக்குத் தாகம், புயா.

கோடானா


ம்வேம்பேனி, மேல்வயல்
19 செப்டம்பர் 1997

கோடானா தூபேக்கு,

கடிதம் வந்தது. நெய்க்கறை பட்டிருந்தாலும் எழுத்து இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. பள்ளியில் புவியியலில் எப்போதும் எனக்கு ஒரு மதிப்பெண் மேலே நின்றவன் நீ. அதை நான் மறக்கவில்லை. எதையுமே நான் மறப்பதில்லை.

போன வருடம் உங்கள் மாடுகள் மல்காவைத் தாண்டி என் நெல்லில் விழுந்தன. கதிர் பிடிக்கும் நேரம். ஓர் இரவில் வயல் சாணிமேடாயிற்று. நீ என்ன சொன்னாய்? "மாட்டுக்கு வரப்பு தெரியுமாடா?" என்று சிரித்தாய். புகார் கொடுத்தபோது அதிகாரி, "உங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்றார். யாரும் என்னிடம் எதுவும் பேசவில்லை, எதுவும் முடியவுமில்லை.

அதே வருடம் தலைமையாசிரியர் பதவியை என்னிடம் படித்த பையனுக்குக் கொடுத்தார்கள். ஆப்பிரிக்கா வரைபடத்தில் மடகாஸ்கரை விட்டுவிட்டு வரைகிறவன் அவன். அதே வருடம் என் மனைவி மலிந்தியில் இருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மற்றவர்கள் கேட்காமல் எடுத்தார்கள், நீ கேட்டுவிட்டு எடுத்தாய். எனக்குப் போனது போனதுதான்.

மல்கா திறக்காது. இன்னொன்றும் தெரிந்துகொள். அந்தத் தடத்தில் வாய்க்கால் வெட்டுகிறேன். மேலே ஐந்து அணை கட்டியபிறகு ஆறு கரை மீறி வருவதே இல்லை. நெல்லுக்கு வண்டலும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆறு வராவிட்டால் நான் கூட்டிவருகிறேன். உங்கள் மாடுகள் தலைமுறை தலைமுறையாக மிதித்து அந்த இடத்தில் கரையைத் தாழ்த்தி வைத்திருக்கின்றன. பாதி வேலை முடிந்துவிட்டது. மாடுகளுக்கு என் நன்றியைச் சொல்.

புயா மொரோவா
புவியியல் ஆசிரியர்


ஒதா
16 அக்டோபர் 1997

புவியியல் ஆசிரியருக்கு,

நன்றியைச் சொல்ல மாடுகளில் பாதிதான் மிச்சம். கழிமுகம் வரைக்கும் ஓட்டிப்போனோம். வழியில் விழுந்தவை விழுந்தவைதான். நான் பிறந்தபோது தொப்புள்கொடிக்கு என்று எனக்குக் கொடுத்த பசுவின் வழிவந்த சிவப்பியும் போய்விட்டாள். முன்னங்கால் மடிந்து உட்கார்ந்தவளை நாலுபேர் வாலைப் பிடித்துத் தூக்கினோம். நின்றாள். என்னைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள். அங்கிருந்து ஆற்றுவாசம் அவளுக்கு வந்திருக்கும்.

உன் நெல்லுக்கு நான் சிரித்திருக்கக் கூடாது. அதை அன்றே சொல்ல வந்தேன். நீ பேச்சை முடிக்கவிடவில்லை. இப்போது சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

ஆனால் வாய்க்கால் விஷயம் வேறு. மண்தட்டில் தண்ணீர் ஊற்றி நம் வாத்தியார் காட்டியபோது நீ முன்பெஞ்சில் இருந்தாய். இந்த ஆறு தான் கொண்டுவந்த வண்டலைத் தானே இரண்டு பக்கமும் குவித்து, அந்த முதுகின்மேல் ஏறி ஓடுகிறது. உங்கள் ஊரும் மாமரங்களும் அந்த முதுகில் இருக்கின்றன. நாங்கள் பள்ளத்தில் இருக்கிறோம். ஆறு நம் எல்லோரையும்விட உயரத்தில் போகிறது. அதில் துளை போடுகிறாய். வருடாவருடம் பிள்ளைகளுக்கு இதைத்தானே சொல்லிக்கொடுக்கிறாய்?

கோபத்தை என்மேல் காட்டு. கரைமேல் காட்டாதே.

கோடானா


மேல்வயல்
27 அக்டோபர் 1997

கோடானா,

எனக்கே பாடம் நடத்துகிறாய். சரி. அந்தப் பாடத்தில் வந்த ஆறு வேறு. அணைகள் வந்தபிறகு இது கட்டிப்போட்ட ஆறு. மதகுக்கு மரக்கட்டை அடுக்கி, மணல்மூட்டை வைத்திருக்கிறேன். வேண்டும்போது திறப்பேன், போதும் என்றால் மூடுவேன். நேற்று முதல் தண்ணீர் வயலுக்குள் போயிற்று. கணுக்கால் உயரம். ஊரில் ஒருவரும் வந்து பார்க்கவில்லை. கூரேஷாதான் பால்குடுக்கையோடு நின்று பார்த்துவிட்டு, "வாத்தியாரே, மாடு போற வழியில தண்ணிய விட்டிருக்கீங்க. அது மாட்டு வீட்டுக்குத்தானே போகும்?" என்றாள். சிரித்தேன். வெகுநாள் கழித்துச் சிரித்தேன்.

சிவப்பி பற்றிப் படித்தேன். நாம் பள்ளி விடுமுறையில் உங்கள் பட்டியில் தங்கியபோது எனக்குப் பால் கொடுத்தது அவளுடைய தாயா, பாட்டியா? நினைவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றியது, கேட்டுவிட்டேன். வேறு ஒன்றுமில்லை.

கென்யா மலைப்பக்கம் மழை ஓயவில்லை என்று வானொலி சொல்கிறது. ஆற்றின் நிறம் மாறியிருக்கிறது. வழக்கமான பழுப்பு இல்லை. மேட்டுநிலத்துச் செம்மண்.

புயா


ம்வேம்பேனி, பள்ளிக்கூடம்
23 நவம்பர் 1997

கோடானா,

நீ உயிரோடு இருக்கிறாயா? தோணிக்காரன் எங்கே போகமுடியுமோ அங்கே போய் யாரிடமாவது கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். முதலில் அதற்குப் பதில் எழுது. மற்றதைப் பிறகு படி.

நல்ல பகல் வெளிச்சத்தில் நடந்தது. ஆறு கரையின் விளிம்புவரை ஏறி, ஒரு பெரிய மிருகத்தின் விலாவைப்போல நடுவில் உப்பிக்கொண்டு போயிற்று. நான் மதகருகில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். மதகு உடையவில்லை. அதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை. மதகைத் தாங்கிய கரை இரண்டு பக்கமும் கரைந்துவிட்டது. மதகு நின்றது நின்றபடியே, மூட்டையோடும் மரக்கட்டையோடும், உங்கள் திசையில் மிதந்து போயிற்று.

பிறகு சத்தம் வந்தது. இடி என்று சொல்லலாம், ஆனால் இடி நிற்கும், இது நிற்கவில்லை. கரை பாளம் பாளமாக விழுந்தது. எங்கள் மாமரங்கள் சாயவே இல்லை. காலடி மண்ணோடு பெயர்ந்து, காய்த்த மரம் காய்த்தபடியே நிமிர்ந்து நின்று ஆற்றில் நடந்து போயிற்று. ஒரு மரத்தில் குரங்குகள் இருந்தன. அவை கத்தவில்லை, ஊர்வலத்தில் போகிறவர்களைப்போல உட்கார்ந்திருந்தன. என் வீட்டின் சமையலறை போயிற்று. ஓடவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாய் திறந்து நின்றேன். தலைமையாசிரியராகிவிட்ட அந்தப் பையன்தான் வந்து என்னை இடுப்பைப் பிடித்து இழுத்துப்போனான். "சார், வாங்க சார், அது இனிமே நம்ம பேச்சக் கேக்காது" என்றான்.

திரும்பிப் பார்த்தேன். முழு ஆறும் உங்கள் மாட்டுத்தடத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் மாடுகள் எப்படித் திரும்புமோ அப்படித் திரும்பிற்று.

உங்கள் பக்கம்தான் வருகிறது. எழுது.

புயா


மணல்மேடு, ஒதாவுக்கு மேலே
18 டிசம்பர் 1997

புயா,

உயிரோடு இருக்கிறோம். ஆடுகள் போய்விட்டன. கூரைகள் போய்விட்டன. மாடுகள் முன்கூட்டியே மேட்டுக்கு ஏறிவிட்டன. நாங்கள் அவற்றின் பின்னால் ஏறினோம். உன்னைத் திட்டுவதற்கு நிறையச் சொற்கள் சேர்த்துவைத்திருக்கிறேன், அவை காய்ந்த இடம் பார்த்து உட்காரட்டும். முதலில் நான் கண்டதைச் சொல்கிறேன். இங்கே சொன்னால் எல்லோரும் பார்த்ததுதான். உன்னிடம்தான் சொல்லமுடியும்.

தண்ணீர் அலையாக வரவில்லை. முதலில் புழுதி வந்தது. காய்ந்த நிலத்து வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்க இறங்க உள்ளே இருந்த காற்று புழுதியாக மேலே சீறிற்று. கண்ணுக்கெட்டியவரை தரை மூச்சுவிட்டது. அந்தச் சீற்றத்துக்குப் பின்னால் ஒரு பழுப்பு நாக்கு, மிக மெதுவாக, மோப்பம் பிடிக்கிற மாதிரி. நான் அதன் முன்னால் பின்பக்கமாக நடந்தேன். ஓடத் தோன்றவில்லை, உனக்குத் தோன்றாத மாதிரியே.

பிறகு மண்ணிலிருந்து மீன் எழுந்தது. நீ நம்புவாய். நுரையீரல் மீன் என்று படித்தோமே, களிமண்ணுக்குள் தன்னையே சுருட்டிக்கொண்டு கோடையெல்லாம் தூங்குமே, அது. நாங்கள் கூடாரம் போட்டிருந்த தரைக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் தரை நெளிந்தது. என் பெரியப்பா வாக்கோ தடியை ஊன்றிக்கொண்டு, "இத்தனை வருசமா இதுக்கு மேலயா படுத்திருந்தேன்?" என்றார். மீனைத் தொடவே மாட்டாதவர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, பெரிய மனிதரை இறக்கிவிடுவதுபோல் தண்ணீரில் விட்டார்.

மறுநாள் பறவைகள். நத்தைகுத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும். அவற்றுக்கு யார் தகவல் சொன்னார்கள்? வானம் இருட்டி, பிறகு வெள்ளையாயிற்று.

தவளை தின்னிகளே என்று உங்கள் ஆட்களைச் சிறுவயதில் கேலி செய்வேன். இப்போது தவளைச் சத்தத்தில் என் மனைவி பேசுவது எனக்குக் கேட்பதில்லை. இதற்கு மட்டும் உனக்கு நன்றி.

அவளுடைய தாய்தான். உனக்குப் பால் கொடுத்தது சிவப்பியின் தாய்.

கோடானா


ம்வேம்பேனி
20 பிப்ரவரி 1998

கோடானா,

வெள்ளம் வடிந்தது. எங்கள் ஆறும் வடிந்துவிட்டது.

ஊருக்கு முன்னால் இருப்பது மணல். நடுவில் சில குட்டைகள். நீர்யானைகள் ஒரு காலையில் வரிசையாக மணலில் ஏறி உங்கள் பக்கம் நடந்துபோயின. அவ்வளவு பெரிய உடம்புகள் சத்தமே இல்லாமல் போனதைப் பார்த்து நாய்கள்கூடக் குரைக்கவில்லை. முதலைகள் இன்னும் குட்டைகளில் இருக்கின்றன, தாங்கள் ஏமாற்றப்பட்டதை அவை இன்னும் அறியவில்லை. கீழிருந்து கடல் ஏறி வருகிறது. தள்ளி நிறுத்த ஆறு இல்லை. குட்டைத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. மிச்சமிருக்கும் மாமரங்களின் இலை நுனியில் கருகுகிறது.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். பெரியவர் ஜில்லோ எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏன்யா வாத்தியாரே, ஆத்துக்குப் புத்தி சொன்னியாமே. எங்கய்யா அது இப்ப?" சிரித்தார்கள். தங்கள் தலையில் விழுந்ததற்குக்கூட இவர்களால் ஒழுங்காக அழமுடியவில்லை, என்னைப் பார்த்துச் சிரிக்கத்தான் தெரிகிறது. இதே ஆட்கள்தான் நான் முள் போட்டபோது, "நல்லாச் செஞ்ச, அவனுங்களுக்கு இது வேணும்" என்றார்கள். ஒவ்வொருவர் பெயரும் எனக்கு நினைவிருக்கிறது.

பெண்கள் உடைப்புவரை போகிறார்கள். அங்கே கரை இன்னும் சரிகிறது, குடத்தோடு இறங்கமுடியாது. அதற்குக் கீழே ஒரே சேறும் நாணலும். காலூன்றி ஆற்றை எட்டக்கூடிய கெட்டி மண் ஒதாவில்தான் என்கிறார்கள். அங்கே நீங்கள் முள்வேலி போட்டிருக்கிறீர்கள் என்றும் சொல்கிறார்கள்.

எழுத வேறு ஒன்றுமில்லை. கல்வி அலுவலகத்தில் மொம்பாசாவுக்கு மாற்றல் கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.

புயா


ஒதா
2 மார்ச் 1998

புயா,

வேலி போட்டது உண்மை. என் பெரியப்பா போடச் சொன்னார், நானும் முள் வெட்டினேன். சந்தோஷமாகவே வெட்டினேன். "இவ்ளோ காலம் அவங்க வாசல்ல நாம நின்னோம்ல? கொஞ்ச நாள் நிக்கட்டும்" என்று பெரியப்பா சொன்னபோது ஒருவரும் மறுக்கவில்லை.

உங்கள் ஜில்லோ ஆள் அனுப்பினார், சர்க்கரைமூட்டையோடு. திருப்பி அனுப்பிவிட்டோம். முள் போட்டவன் யாரோ அவன் வரவேண்டும் என்று எங்கள் கூட்டத்தில் முடிவாயிற்று. அவன் வெளியே நிற்கவேண்டும், அவன் வாயால் சொல்லவேண்டும். மொம்பாசாவுக்குப் போவதானால் போ. உங்கள் பெண்கள் உப்புத் தண்ணீரில் உகாலிக் களி கிண்டுவார்கள்.

நீ எழுதிய நாலு பக்கத்தில் தாகம் என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. தேடிப் பார்த்தேன்.

கோடானா


ம்வேம்பேனி
14 மார்ச் 1998

கோடானா,

நேற்று ஒருவரிடமும் சொல்லாமல் உங்கள் பக்கம் வந்தேன். கேட்பதற்காக வரவில்லை. பார்க்காமல் போகக்கூடாது என்று வந்தேன். உங்கள் வேலிக்குத் தெற்கே, இடுப்பளவு சேற்றில், நாணலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இருபது வருடமாக இந்த ஆற்றைக் கரும்பலகையில் வரைகிறேன். கண்ணை மூடிக்கொண்டு எல்லா வளைவும் வரும். நேற்று பார்த்த ஆறு எந்தப் பலகையிலும் இல்லாதது. பிறந்து நாலு மாதம்தான் ஆகிறது, அதற்குள் ஒவ்வொரு வளைவின் உட்பக்கத்திலும் மணல் சேர்த்து, வெளிப்பக்கத்தைக் குடைந்து, வெகுகாலமாக இங்கேயே இருப்பதுபோல் போகிறது. இரண்டு ஓரத்திலும் மெல்லிய வண்டல்கோடு பார்த்தாயா? கரை கட்ட ஆரம்பித்துவிட்டது. உயரும், தன் முதுகில் தானே ஏறும். பிறகு ஒருநாள், நாம் யாரும் இல்லாதபோது, இதையும் விட்டுவிட்டு எங்கேயோ போகும். என் வாய்க்கால் இல்லாவிட்டாலும் போயிருக்கும் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். அங்கே நிற்கும்போது அது என்னாலேயே நம்பமுடியாத பேச்சாக இருந்தது. ஆனால் வெட்கம்கூட வெகுநேரம் நிற்கவில்லை. அவ்வளவு பெரிது அது. என் தலைமையாசிரியர் பதவி, என் நெல், மலிந்தி, எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன், ஒவ்வொன்றாக எடுத்து. எதுவும் அதன் பக்கத்தில் நிற்கவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அவன் இன்னும் மடகாஸ்கர் வரைவதில்லை.

சனிக்கிழமை வருகிறேன். எங்களிடம் நெய் இல்லை. ஒரு கூடை மாங்காய், கருகாத மரத்தினுடையது. வேலிக்கு வெளியே நிற்கிறேன். எவ்வளவு நேரம் என்பது உங்கள் இஷ்டம். நீ உள்ளே உட்கார்ந்திருந்தால், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டால், எனக்கு அது எதனால் என்று தெரியும்.

எங்களுக்குத் தாகம், கோடானா.

புயா


ஒதா
17 மார்ச் 1998

புயா,

கூரேஷா காத்திருக்கிறாள், சுருக்கமாக எழுதுகிறேன்.

உச்சிவெயில்வரை உன்னை நிற்கவைக்கவேண்டும் என்றுதான் இருந்தேன். இதற்காகவே உட்கார ஒரு பெட்டியை இழுத்துக் கதவுக்கு நேராகப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தும் பார்த்தேன். என் மனைவி, "யாருக்கு இந்தக் கூத்து? ஆறு அந்தப் பக்கம் இருக்கு" என்றாள்.

உண்மைதான். இங்கே இப்போது யாரும் வீட்டுக்குள் உட்காருவதில்லை. விடிந்ததும் பெரியப்பாமுதல் எல்லோரும் கரைக்குப் போய்விடுகிறோம். ராத்திரி எவ்வளவு நகர்ந்தது, எந்தப் பக்கம் மணல் சேர்ந்தது என்று பார்ப்பதற்கு. உன்னை நிற்கவைக்க உள்ளே ஆள் வேண்டுமே.

அதனால் சனிக்கிழமை நான் வெளியேதான் இருப்பேன். வேலிக்கு உன் பக்கத்தில். கேட்கவேண்டியதைக் கேட்பேன். நீ சொல்லவேண்டியதை எழுத்தில் சொல்லிவிட்டாய், ஆனாலும் பெரியப்பா காதில் விழ வாயால் ஒருமுறை சொல்லிவிடு. அவருக்குப் படிக்கத் தெரியாது.

முள்ளை நேற்றே இழுத்துப்போட ஆரம்பித்துவிட்டோம். குடம் சுமக்கிற பெண்களுக்கு ஆள் அகலம் போதும். ஆனாலும் மல்காவைப்போல மாட்டு அகலத்துக்கு வெட்டுகிறோம்.

கோடானா